பேரம் பேசாத பெரிய வாடிக்கையாளர்

மத்திய அரசு ஊழியர் அலுவல் பணிக்காக விமானம் ஏற வேண்டுமென்றால், பயணத்துக்கு 21 நாள் முன்பே சீட்டு எடுத்துவிடுமாறு அறிவுறுத்தப்படுகிறார். அவரது தகுதிக்குரிய வகுப்பில், அந்த வேளையில் கிடைப்பதிலேயே குறைந்த கட்டணம் எதுவோ அதைத்தான் அவர் எடுக்க வேண்டும். புறப்பட 72 மணி நேரம்கூட இல்லாத நிலையில் சீட்டு எடுத்தால் காரணம் எழுதித் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் அதற்கும் காரணம் எழுத வேண்டும். சீட்டு வாங்க அனுமதி பெற்ற முகவர்கள் மூவர்தான்: பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி. மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2022 ஜூன் 16 அன்று பிறப்பித்த ஆணையின் சாரம் இது.

மக்கள் பணத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால், இந்த ஆணை சிக்கனத்தின் பொறுப்பு முழுவதையும் சீட்டு எடுக்கும் ஊழியரின் தலையில் வைக்கிறது. நாட்டிலேயே மிகப் பெரிய விமானச்சீட்டு வாடிக்கையாளர்களில் ஒன்றான அரசு, விற்பவரிடம் என்ன விலை பேசியது என்ற கேள்வி அதில் எழவே இல்லை.

கள்ளக்குறிச்சி வைத்த சோதனை

அந்த ஆணைக்கு இரண்டு ஆண்டு நிறைந்த அதே வாரத்தில், 2024 ஜூன் 18, 19 தேதிகளில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் மருத்துவமனைக்குத் தூக்கிவரப்பட்டார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த சில நாள்களில் தேசிய மகளிர் ஆணையத்தின் குழு வந்தது. தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையமும் வந்தது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐ விசாரணைக்கு மாற்றியது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இப்படிப்பட்ட பயணங்களில் எதையும் 21 நாள் முன்பே திட்டமிட முடியாது. அரசுப் பணியின் இயல்பே அதுதான். வெளிமாநிலத்துக்குத் தப்பியவரைத் தேடிப் புறப்படும் தனிப்படைக்கு நாள் குறித்துத் தருவது துப்புதானே தவிர, அலுவலக நாள்காட்டி அல்ல. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு பட்டியலிடப்படுவது சில நாள்களுக்கு முன்புதான் தெரியவரும். ‘நாளை மறுநாள் டெல்லியில் கூட்டம்’ என்று மாலையில் வரும் அழைப்பைப் பார்க்காத அதிகாரி இருக்க முடியாது. கூட்டத்தைத் தள்ளிவைப்பவர் வேறொருவர். சீட்டை ரத்து செய்துவிட்டுக் காரணம் எழுதுபவர் வேறொருவர்.

காரணம் எழுதிக் கொடுத்தால் விதி வழிவிடுகிறது என்பது உண்மை. ஆனால், காரணம் எழுதுவதால் கட்டணம் குறைவதில்லை. கோப்பு சரியாகிவிடும், செலவு செலவாகவே இருக்கும்.

மலிவுச்சீட்டு யாருக்கு?

விமானக் கட்டணம் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான், அரசு எங்கே ஏமாறுகிறது என்பது தெரியும். ஒரே விமானத்தின் சாதாரண வகுப்பு இருக்கைகளை நிறுவனம் பல கட்டண அடுக்குகளாகப் பிரித்து வைக்கிறது. முன்கூட்டியே வருபவருக்குக் கீழ் அடுக்கு திறக்கும். நாள் நெருங்க நெருங்கக் கீழ் அடுக்குகள் மூடி, மேல் அடுக்குகள் திறக்கும். சுற்றுலா செல்பவர் விலை பார்த்துத் தேதியை மாற்றிக்கொள்வார். அலுவல் பயணி தேதிக்குக் கட்டுப்பட்டவர். என்ன விலையானாலும் ஏறித்தான் ஆக வேண்டும். இவ்விருவரையும் இனம் பிரித்து இரு விலை வாங்குவதே அந்தக் கணக்கின் உயிர்நாடி. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க நிறுவனங்கள் தொடங்கிவைத்த இந்த உத்தி, இன்று உலகம் முழுவதும் கணினிகளால் நொடிக்கு நொடி நடத்தப்படுகிறது.

கீழ் அடுக்குச் சீட்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. ரத்து செய்தால் பெரும்பாலும் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும்தான் திரும்ப வரும். தேதி மாற்றினால் அபராதமும் கட்டண வித்தியாசமும் சேரும். எனவே, தேதி உறுதியாகத் தெரிந்தவருக்கு மட்டுமே அது மலிவு. மூன்று முறை தள்ளிப்போகும் கூட்டத்துக்கு ஆகக் குறைந்த விலைச் சீட்டை எடுக்கச் சொல்வது, சிக்கனத்தின் பெயரால் வீண்செலவுக்கு வழி செய்வதாகும். எடுத்த விலையை மட்டும் பார்க்கும் தணிக்கைக்கு அந்தச் சீட்டு குறையற்றது. ரத்தானதால் போன தொகை தனிப் பதிவாக எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால்தான் பயணத்தின் உண்மை விலை தெரியும்.

ஏர் இந்தியா கற்றுத்தந்தது

அரசு எப்போதுமே இப்படிச் சந்தை விலைக்குச் சீட்டு வாங்கியதில்லை. அலுவல் பயணத்துக்கு ஏர் இந்தியாவில்தான் செல்ல வேண்டும் என்று 2009 ஜூலையில் செலவினத் துறை ஆணையிட்டது. விடுப்புப் பயணச் சலுகைக்கென்று ‘எல்டிசி-80’ என்ற தனிக் கட்டணமும் ஏர் இந்தியாவில் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சிக்கன நடவடிக்கை என்று அமைச்சர்கள் சாதாரண வகுப்பில் பறந்த காட்சிகள் நாளிதழ்களை நிறைத்தன. எந்த வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்பது தலைப்புச் செய்தியானது; எவ்வளவு கொடுத்து உட்கார்ந்தார்கள் என்பது விவாதமாகவில்லை.

ஒரே நிறுவனத்திடம்தான் வாங்குவேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டவருக்கு அந்த நிறுவனம் விலையைக் குறைக்க என்ன அவசியம்? பக்கத்து நிறுவனத்தில் குறைந்த கட்டணம் இருந்தாலும் ஏர் இந்தியாவுக்கே கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. நலிந்துகொண்டிருந்த பொதுத் துறை நிறுவனத்துக்குத் துறைகளின் பயண ஒதுக்கீட்டிலிருந்து போன மறைமுக மானியம் அது.

அந்தப் பணமும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. அரசு அதிகாரிகளுக்குக் கடனில் கொடுத்த சீட்டுகளுக்காக மட்டும் 526 கோடி ரூபாய் வர வேண்டியிருந்ததையும், அதில் 236 கோடி மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக நிலுவையில் கிடந்ததையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 2020 தொடக்கத்தில் ஏர் இந்தியா தந்த பதில் வெளிப்படுத்தியது. பத்து லட்சத்துக்கு மேல் பாக்கி வைத்த அரசு அமைப்புகளுக்குக் கடனில் சீட்டு தருவதை அந்த நிறுவனம் அதற்குச் சற்று முன்புதான் நிறுத்தியிருந்தது. 2021 அக்டோபரில் டாடா குழுமத்துக்கு விற்பது முடிவானதும், பாக்கியை உடனே தீர்த்துவிட்டு, இனி ரொக்கத்துக்கே சீட்டு வாங்குங்கள் என்று எல்லா அமைச்சகங்களுக்கும் சுற்றறிக்கை போனது. பெருமளவில் வாங்குவதும் உரிய காலத்தில் பணம் கட்டுவதும் சேர்ந்தால்தான் ஒரு வாடிக்கையாளருக்குப் பேர பலம் உண்டாகும். அரசிடம் முன்னது இருந்தது, பின்னது இல்லை.

நமக்குத் தெரிந்த வித்தைதான்

மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கும் கலையைத் தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதைத்தான் செய்துவருகிறது. ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியாக மருந்து வாங்கிக்கொண்டிருந்த நிலை மாறி, மாநிலம் முழுவதன் தேவையையும் ஒன்றாகக் கூட்டி ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். விலை ஒப்பந்தம் போட்டார்கள். மருந்தைப் பரிசோதித்த பிறகே விநியோகித்தார்கள். சப்ளை செய்தவர்களுக்குக் காலத்தில் பணம் கொடுத்தார்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன்மலையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கும். அதன் ஒதுக்கீட்டுக்குள் மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுத்துக்கொள்ளலாம். மலைமேல் இருக்கும் மருத்துவர், எந்தக் கம்பெனி மாத்திரை எங்கே மலிவு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வேறு பல மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு இது.

விமானச்சீட்டில் இதைச் செய்ய முடியுமா? அமெரிக்கா 1980 முதல் செய்துவருகிறது. அங்கே 1978இல் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியதும், அரசின் பொதுச் சேவை நிர்வாக அமைப்பு ‘நகர இணை’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. இந்த நகரிலிருந்து அந்த நகருக்கு ஆண்டு முழுவதும் இன்ன கட்டணம் என்று நிறுவனங்கள் போட்டியிட்டு விலை சொல்லும். வென்றவரின் விமானத்தில்தான், விதிவிலக்கான சூழல்கள் தவிர, மத்திய அரசு ஊழியர்கள் செல்ல வேண்டும். அந்தக் கட்டணத்துக்கு முன்பதிவுக் கெடு இல்லை. ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். இருவகைக் கட்டணங்களில் ஒன்றில், விமானத்தில் கடைசியாக மிஞ்சிய இருக்கையைக்கூட ஒப்பந்த விலைக்கே தர வேண்டும்.

அமெரிக்க அரசு பேரம் பேசியது ஆக மலிவான சீட்டுக்காக அல்ல என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தன் வேலையின் இயல்பு தேதி மாறுவது என்று ஒப்புக்கொண்டு, அதற்கு ஏற்ற சீட்டை நியாய விலைக்கு வாங்கியது. சில நாளில், சில தடத்தில், சந்தையில் அதைவிட மலிவான சீட்டு கிடைக்கலாம். ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்க்கும்போது லாபம் எந்தப் பக்கம் என்பதுதான் கணக்கு. ஆஸ்திரேலிய அரசு 2010 முதல் வேறொரு வழியில் செல்கிறது. ‘நடைமுறைக்கு ஒத்துவரும் குறைந்த கட்டணம்’ என்பது அங்கே விதி. வெறும் ‘குறைந்த கட்டணம்’ என்று நிறுத்திக்கொள்ளாமல் வேலையின் தேவையையும் அது சேர்த்துப் பார்க்கிறது.

தடத்தைப் பார், பதவியைப் பார்க்காதே

விலையைப் போலவே, யார் பறக்கலாம் என்ற விதியும் மறுபரிசீலனைக்கு உரியது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் வந்த 2017ஆம் ஆண்டு ஆணைப்படி, ஊதிய நிலை ஆறும் அதற்கு மேலும் உள்ளவர்கள் விமானத்தில் போகலாம்; ஐந்தும் அதற்குக் கீழும் ரயில்தான். இந்தப் படிநிலை காகிதத்தில் ஒழுங்காக இருக்கும். நிலப்பரப்பில் அது எப்படிப் பொருந்தாமல் போகிறது என்பதற்கு 2019 பிப்ரவரி 14 ஒரு சாட்சி. புல்வாமாவில் தாக்கப்பட்ட சிஆர்பிஎஃப் வாகன வரிசையில் 40 வீரர்கள் இறந்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்தையும் அரியலூர் மாவட்டத்தையும் சேர்ந்த இரண்டு தமிழர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒரு வாரத்தில், டெல்லி-ஸ்ரீநகர், ஜம்மு-ஸ்ரீநகர் தடங்களில் மத்தியக் காவல் படையினர் அனைவரும் விமானத்தில் செல்லலாம் என்று உள்துறை அறிவித்தது. அதுவரை அந்த உரிமை இல்லாதிருந்த காவலர், தலைமைக் காவலர், உதவி சார்பு ஆய்வாளர் உள்ளிட்ட ஏறத்தாழ 7.8 லட்சம் பேருக்கு அது பொருந்தியது.

பதவியைப் பார்த்து வகுத்த விதி, உயிர்கள் போன பிறகுதான் தடத்தைப் பார்த்தது. வடகிழக்கு மாநிலங்கள், காஷ்மீர், லடாக், அந்தமான் ஆகிய இடங்களுக்கு விடுப்புப் பயணச் சலுகையில் செல்லும் கீழ்நிலை ஊழியர்களுக்கும் விமான அனுமதி தரப்பட்டிருப்பதும் இதே தர்க்கத்தில்தான். அப்படியென்றால், அந்தத் தர்க்கத்தையே பொது விதியாக்குவதில் என்ன தடை?

ரயிலை அளவுகோலாகக் கொண்ட விதிகள் கள்ளக்குறிச்சிக்கு எப்படிப் பொருந்தும் என்று பாருங்கள். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான இந்த மாவட்டத்தின் தலைநகரை சின்னசேலத்தோடு இணைக்கும் 16 கி.மீ. ரயில் பாதை பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டு வந்த பணி. சென்னை அங்கிருந்து ஏறத்தாழ 250 கி.மீ. தொலைவில் இருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 மே மாதம், தமிழ்நாடு அரசு போட்ட சிக்கன ஆணை, மாநிலத்துக்குள் விமானப் பயணம் ரயில் கட்டணத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால்தான் அனுமதி என்றது. நெருக்கடி நேரத்துக்கு அது சரி. ஆனால், ரயில் கட்டணத்தோடு ஒப்பிடுவதற்கு முதலில் ரயில் வேண்டுமே.

சேலம் சொல்லும் சேதி

கள்ளக்குறிச்சி வட்டாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விமான நிலையங்களில் ஒன்று ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம். மத்திய அரசின் பிராந்திய விமானச் சேவைத் திட்டமான உதானின் கீழ் 2018 மார்ச்சில் சென்னை-சேலம் சேவையைத் தொடங்கிய ட்ரூஜெட் நிறுவனம், 2021இல் பறப்பதை நிறுத்தியது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வரும்வரை அங்கே பயணிகள் விமானம் இல்லை.

உதான் என்பதே ஒரு வகையில் தள்ளுபடிக் கட்டணக் கொள்முதல்தான். ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய் என்ற அளவில் தொடங்கிய உச்சவரம்புக்குள், விமானத்தின் ஏறத்தாழ பாதி இருக்கைகளைப் பொதுமக்களுக்கு விற்க நிறுவனம் ஒப்புக்கொள்ளும். அதனால் வரும் இழப்பை ஈடுகட்டும் தொகையை, யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கு அரசு தரும். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஈட்டுத்தொகை நின்றுவிடும். பல தடங்கள் தள்ளாடுவது அப்போதுதான். பொதுமக்களுக்காக ஏலம் விட்டு மலிவுக் கட்டணத்தை வாங்கத் தெரிந்த அரசு, தன் ஊழியர்களுக்கு மட்டும் சில்லறை விலையில் வாங்குவது முரண்பாடு. சேலம் போன்ற சிறு நிலையத்தில் ஒரு தடம் பிழைக்குமா, மடியுமா என்பது நாளொன்றுக்குச் சில இருக்கைகள் உறுதியாக நிரம்புவதைப் பொறுத்தது. அரசு, பொதுத்துறை நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் தேவையைச் சேர்த்து ஆண்டு ஒப்பந்தமாகக் கொடுத்தால், அரசுக்குக் கட்டணம் குறையும். நிறுவனத்துக்கு உறுதியான பயணிகள் கிடைப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு விமானம் நிலைக்கும்.

வரக்கூடிய ஆட்சேபங்கள்

இந்தியாவில் விற்பவர்கள் எத்தனை பேர், பேரம் பேச? உள்நாட்டுப் பயணிகளில் மூன்றில் இருவர் அளவுக்கு இண்டிகோவிடமும், மீதியில் பெரும்பகுதி ஏர் இந்தியா குழுமத்திடமும் இருக்கிறார்கள். ஒரே நிறுவனம் மட்டும் பறக்கும் தடத்தில் போட்டி ஏலம் வேலை செய்யாது என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால், டெல்லி-சென்னை போன்ற தடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பறக்கின்றன. அங்கிருந்து தொடங்கலாம். போட்டியில்லாத தடத்தில், அந்த நிறுவனம் தன் பெரிய கார்ப்பரேட் வாடிக்கையாளர்களுக்குத் தரும் நிபந்தனைகளையே அரசுக்கும் தரக் கேட்கலாம்.

அரசுதான் விமானத் துறையின் ஒழுங்குமுறையாளரும். அதுவே வாடிக்கையாளராக வந்து தள்ளுபடி கேட்டால் அது மிரட்டலாகிவிடாதா என்றும் கேட்கலாம். 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் பெருமளவில் ரத்தானபோது, 500 கி.மீ. வரை 7,500 ரூபாய், 1,500 கி.மீ.க்கு மேல் 18,000 ரூபாய் என்று அரசு உச்சவரம்பு விதித்தது. அது பொதுமக்களுக்காக அரசு எடுத்த அதிகாரம். அலுவல் பயணத்துக்கு அந்தச் சாட்டையை எடுக்கக் கூடாது. பகிரங்க ஒப்பந்தப்புள்ளி, வெளியிடப்பட்ட நிபந்தனை, யாரும் படிக்கக்கூடிய விலை - இவை இருந்தால் மிரட்டலுக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் அதற்கான சட்டகத்தை ஏற்கெனவே தந்திருக்கிறது.

முறைகேடு பற்றிய அச்சமும் வெறுங்கற்பனை அல்ல. போலி விமானச்சீட்டும் போர்டிங் பாஸும் கொடுத்து விடுப்புப் பயணச் சலுகைப் பணம் பெற முயன்ற வழக்கில், பிகாரைச் சேர்ந்த முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவருக்கு 2022இல் மூன்றாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது; அவர் சட்டமன்றப் பதவியையும் இழந்தார். ஆனால், இத்தகைய மோசடி நடப்பதே பயணி தன் கையால் சீட்டு வாங்கி, பில் கொடுத்து, பணம் பெறும் முறையில்தான். அரசும் நிறுவனமும் நேரடியாகக் கணக்கு முடித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் போலி பில்லுக்கு வேலையே இல்லை.

மலையிலிருந்து வரும் கேள்வி

கல்வராயன்மலையில் இருப்பவர் இதையெல்லாம் படித்துவிட்டு, ‘அதிகாரிகள் விமானத்தில் மலிவாகப் போனால் எனக்கென்ன?’ என்று கேட்டால் அது சரியான கேள்வி. இந்த மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. விஷச்சாராய மரணங்களுக்குப் பிறகு, 2024 ஜூலையில், இம்மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, சாலை, பள்ளி, மருத்துவம் பற்றி அரசிடம் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டது. இங்கே பயணம் என்றால் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்து. அது தவறினால் இரு சக்கர வாகனம். சாலை முடிந்த இடத்திலிருந்து நடை. கிராமச் செவிலியரும், உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியரும், கிராம நிர்வாக அலுவலரும் அப்படித்தான் போய்வருகிறார்கள்.

அவருக்கான பதில் இது: ஒரு துறையின் பயணச் செலவு ஒரே ஒதுக்கீட்டுக்குள் பங்கிடப்படும்போது, டெல்லிச் சீட்டுக்குக் கூடுதலாகப் போகும் ஒவ்வொரு ரூபாயும் களப்பயணத்துக்குப் போகாத ரூபாய்தான். அத்துடன், தணிக்கையின் கண் எங்கே கூர்மையாக இருக்கிறது என்பதும் முக்கியம். மலையேறிய ஊழியரின் சில நூறு ரூபாய்ப் பயணப்படிக்கு நாட்குறிப்பு, தூரச் சான்று, மேலதிகாரியின் ஒப்பம் என்று எல்லாம் கேட்கப்படும். கோடிகளில் நடக்கும் சீட்டுக் கொள்முதலில் விலை பேசினீர்களா என்ற கேள்விக்குப் படிவமே இல்லை. சிறு பில்லைத் துருவுவது எளிது. பெரிய ஒப்பந்தத்தை வடிவமைப்பது உழைப்பு. அந்த உழைப்பைத்தான் அரசு தட்டிக்கழிக்கிறது.

எனவே, செய்ய வேண்டியவை தெளிவானவை. கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தத் தடத்தில் எத்தனை அலுவல் சீட்டு எடுக்கப்பட்டது, எத்தனை ரத்தானது, அதில் எவ்வளவு இழந்தோம் என்ற கணக்கை முதலில் தொகுத்து வெளியிட வேண்டும். தேதி மாற்றத்துக்கு அபராதமற்ற கட்டணத்துக்குத் தடவாரியாக ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். குறித்த நாளில் பணம் கட்டும் உறுதியை ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும். விமானத் தகுதியைப் பதவியோடு மட்டும் முடிச்சுப் போடாமல், தடத்தின் தூரம், ரயில் வசதி, பணியின் அவசரம் ஆகியவற்றோடு இணைக்க வேண்டும். காணொளியில் முடியும் கூட்டத்துக்கு யாரையும் விமானம் ஏற்றக் கூடாது. மிச்சமாகும் தொகையைக் கல்வராயன்மலை, ஜவ்வாதுமலை, பச்சைமலை போன்ற இடங்களின் களப்பயணத்துக்கென்று தனியே ஒதுக்க வேண்டும்.

மத்திய அரசு தொடங்கட்டும் என்று தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. மருந்தில் அப்படிக் காத்திருக்கவில்லை. சென்னையிலிருந்து டெல்லிக்கும் மதுரைக்கும் கோவைக்கும் தூத்துக்குடிக்கும் மாநில அரசின் அலுவல் பயணங்கள் ஆண்டு முழுவதும் நடக்கின்றன. இந்த நான்கு தடங்களுக்கு ஓர் ஆண்டு சோதனை ஒப்பந்தம் போட்டு, முடிவில் வரவு செலவைச் சட்டமன்றத்தில் வைத்தாலே போதும்: அரசு பேரம் பேசாமல் இத்தனை காலம் எவ்வளவு இழந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.